‘மேகம் ஏன் மலையிலேயே நிக்குது டீச்சர்?’

தென்காசிப் பக்கம் அச்சன்புதூரில் மேற்கே திரும்பினால் மலை. சீசன் மாதங்களில் அதன் தலையில் மேகம். ‘‘டீச்சர், மேகம் ஏன் மலையிலேயே நிக்குது?’’ என்று பால்வாடியில் ஒரு நாலு வயசுப் பிள்ளை கேட்டால் என்ன செய்வது?

கடல்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்வதால் மேகம் உண்டாகிறது. அந்த வயதில் இதை ஒப்பிக்க வைத்து என்ன பயன்? ‘‘நீ என்ன நினைக்கிற?’’ என்று திருப்பிக் கேட்கலாம். ‘‘அதுக்குக் கால் வலிக்கு’’ என்று ஒரு பிள்ளை சொல்லும். தப்பான பதில்தான். ஆனால், காரணம் தேட ஆரம்பித்தாயிற்றே! கொதிக்கிற சட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே தொங்கும் நீர்த்துளிகளைக் காட்டினால் பேச்சு இன்னும் நீளும்.

இதற்கு நேரம் வேண்டும். சிக்கலே அங்கேதான். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் கணக்கு, பதிவேடு என எல்லாம் அங்கன்வாடிப் பணியாளர் தலையில். உதவியாளருக்கோ சமையலே சரியாக இருக்கும். நாமோ, ‘‘பால்வாடியில என்னத்த சொல்லித் தர்றாங்க’’ என்று சலித்துக்கொள்கிறோம்.

பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதி மையங்களில், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் அரை நாள் வேலைக்கு ஒருவரைக் கூடுதலாக வைத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதங்களில் அந்தக் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முந்தினார்கள். பழைய பணியாளருக்கு மற்ற வேலைகளைப் பார்க்க நேரம் கிடைத்தது; கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. ஸ்மார்ட் போர்டுக்குச் செலவழிப்பதைவிட ஓர் ஆளைப் போடுவது மேல் என்றுதான் தோன்றுகிறது.

தமிழக அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. அந்த விளையாட்டைக் கூட இருந்து நடத்தத்தான் ஆள் போதவில்லை.

வீட்டில் நமக்குப் பத்து நிமிடம் கிடைக்குமே! ஒரு வாளித் தண்ணீர், கூழாங்கல், காய்ந்த இலை, கொட்டாங்கச்சி. ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன், ‘‘மிதக்குமா, முங்குமா?’’ என்று கேளுங்கள். கடைசியாக ஓர் ஆரஞ்சுப் பழம். தோலோடு போட்டால் மிதக்கும். உரித்துப் போட்டால் முங்கும். தோலுக்குள் காற்று இருக்கிறது என்பதை உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை ஏதாவது காரணம் சொல்லட்டும்.