மருந்து ஆலைக் கழிவுநீரில் வலுப்பெறும் பாக்டீரியாக்கள்

புது தில்லி: மருந்துகளை எதிர்த்து நிற்கும் ஆற்றலை பாக்டீரியாக்கள் மருத்துவமனைகளில் மட்டும் பெறுவதில்லை, மருந்து ஆலைகளின் கழிவுநீரும் அதற்கு இடமளிக்கிறது. ஆயினும், அந்நீரில் எவ்வளவு மருந்து எஞ்சியிருக்கலாம் என்று வரம்பு விதிக்க முன்வந்த மத்திய அரசு, பின்னர் அதைக் கைவிட்டது.

ஹைதராபாதை அடுத்த பட்டான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைப் பெற்றுவந்த பொது சுத்திகரிப்பு நிலையத்தை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்தனர். சுத்திகரிக்கப்பட்டு வெளியேறிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை 'சிப்ரோஃப்ளாக்சசின்' இருந்ததாக 2007-ல் அவர்கள் அறிவித்தனர். சிலவகை பாக்டீரியாக்களுக்கு நஞ்சாகும் அளவைவிட இது ஆயிரம் மடங்குக்கும் அதிகம். அந்நீர் ஓடைகள் வழியே மஞ்சிரா ஆற்றை அடைந்தது.

பிழைப்பது எப்படி?

இந்த மருந்து பாக்டீரியாவின் மரபணு இழையைச் சிதைக்கிறது. சிதைவை உணர்ந்த உயிரணு, அவசரப் பழுதுபார்ப்பில் இறங்குகிறது. அப்போது நேரும் பிழைகளில் ஒன்றிரண்டு, மருந்து தாக்காதவாறு அதைக் காத்துவிடுவதும் உண்டு. உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் புரதங்களும் சிலவற்றுக்கு உள்ளன. பெரும்பாலானவை மடிய, எஞ்சியவை பெருகுகின்றன. ஆற்றில் கலந்து மருந்தின் செறிவு குறைந்தாலும், எதிர்ப்பாற்றல் உள்ளவற்றுக்கே அது சாதகமாகிறது. மேலும், 'பிளாஸ்மிட்' என்னும் வளைய மரபணுத் துணுக்கு மூலம் இந்த ஆற்றல் வேறு இன பாக்டீரியாக்களுக்கும் கைமாறுகிறது.

எதிர்ப்பாற்றல் தரும் மரபணு, நகரின் நீரிலும் இடம்பெறக்கூடும் என்பதைத் தலைநகரமே உணர்த்தியது. தில்லியில் எடுக்கப்பட்ட 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும் 'என்டிஎம்-1' மரபணு இருந்ததாக 2011-ல் 'லான்செட்' குழும மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. பிற மருந்துகள் பலனளிக்காதபோது மருத்துவர்கள் நாடும் 'கார்பாபெனெம்' வகை மருந்துகளையே இம்மரபணு செயலிழக்கச் செய்கிறது.

கைவிடப்பட்ட வரம்பு

கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இடம்பெறவில்லை. கால்நடை, கோழி வளர்ப்பில் 'கொலிஸ்டின்' மருந்துக்கு 2019-ல் தடை விதித்ததும் இதே மத்திய அரசுதான். மருந்து உற்பத்திக் கழிவு குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

மருந்துச் சீட்டின்றி மாத்திரை வாங்கும் நோயாளிக்கு அறிவுரை கூறுவது எளிது. ஆலையின் கழிவுக் குழாய்க்கு வரம்பு விதிக்காமல் அந்த அறிவுரையால் மட்டும் என்ன பயன்?