வன்னிச் சிறுவரும் பேச்சொலித் திருத்தமும்

நெஞ்சிலிருந்து எழும் காற்று மிடற்றில் அதிர்ந்து, நாக்கும் அண்ணமும் பல்லும் இதழும் தடுத்தும் விடுத்தும் நெருக்கியும் செலுத்துவதால் வெவ்வேறு ஒலிகளாகப் பிரிகிறது என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவதாக அமைந்த பிறப்பியல், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களைக் கூறி, எந்த உறுப்பு எங்கே பொருந்தினால் எந்த எழுத்துப் பிறக்கும் என்று வகுக்கிறது. ஒரு பிள்ளையைத் தம் முன் அமர்த்தி, நுனிநாக்கு எங்கே படுகிறது, அடிநாக்கு எழும்புகிறதா, காற்று மூக்கால் கசிகிறதா என்று பார்க்கும் இன்றைய பேச்சு மொழிச் சிகிச்சையாளரும் அடிப்படையில் அந்தக் கேள்விகளையே கேட்கிறார். இலக்கண ஆசிரியர் வளர்ந்தவரின் திருந்திய ஒலியை விளக்கினார். சிகிச்சையாளரோ வளரும் பிள்ளையிடம் ஒலி திருந்தாமல் நிற்பதற்கான காரணத்தைத் தேடி, அதைத் திருத்தும் வழியையும் காட்ட வேண்டியவராகிறார்.

மழலை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. ஆறு, ஏழு மாதமளவில் ‘பபப’, ‘மமம’ என்று அசைகளை அடுக்கத் தொடங்கும் குழந்தை, ஒரு வயதையொட்டி முதற்சொல்லைச் சொல்லி, இரண்டு வயதில் இரு சொற்களை இணைத்துப் பேசுகிறது. அந்த வயதில் அதன் பேச்சில் ஏறத்தாழப் பாதியும், 3 வயதில் முக்காற்பங்கும், 4 வயதில் அநேகமாக முழுவதும் பழக்கமில்லாத ஒருவருக்கு விளங்க வேண்டும் என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவுகோல். தாய்க்கு விளங்குவது இங்கே அளவாகாது. பிள்ளையின் பார்வையையும் கையசைவையும் சேர்த்தே தாய் பொருள் கொள்வதால், அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். 2018ஆம் ஆண்டில் ஷரின் மக்லவுட், கத்ரின் குரோ ஆகிய ஆய்வாளர்கள் 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மொழி எதுவாயினும் மெய்யொலிகளில் மிகப் பெரும்பாலானவை 5 வயதுக்குள் அமைந்துவிடுகின்றன என்பது தெரியவந்தது. ஆகவே 3 வயதுப் பிள்ளை ‘ரயில்’ என்பதை ‘லயில்’ என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. 5 வயதுப் பிள்ளை ‘கதவு’ என்பதைத் ‘ததவு’ என்றும் ‘கோழி’ என்பதைத் ‘தோழி’ என்றும் சொன்னால் அது காத்திருக்கத்தக்கதன்று, ஏனெனில் ‘க’ அதற்கு முன்பே அமைந்துவிட வேண்டிய ஒலி. ‘தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்’ என்று ஊரில் சொல்லப்படும் ஆறுதல் சில வேளைகளில் மெய்யாகலாம் என்றாலும், அந்த ஆறுதலின் பேரில் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுவது பிள்ளைக்குப் பெரும் இழப்பாகும்.

உச்சரிப்புக் குறைபாடு இரண்டு விதமாக அமைவதைச் சிகிச்சையாளர்கள் பிரித்தறிகின்றனர். ஒன்றில், குறிப்பிட்ட ஓர் ஒலியை உண்டாக்கும் அசைவே பிள்ளைக்குக் கைவருவதில்லை. ‘ர’ ஒலிக்க வேண்டிய இடத்தில் நாக்கு நுனி துடிக்காமல் தளர்ந்து கிடப்பது இதற்கு எடுத்துக்காட்டு. மற்றதில், நாக்கு செய்யக்கூடிய அசைவைப் பிள்ளையின் மனம் ஓர் ஒழுங்காகப் பிசகிப் பதித்து வைத்திருக்கும். அடிநாக்கில் பிறக்கும் ஒலிகள் அனைத்தையும் நுனிநாக்குக்கு நகர்த்திப் பேசும் பிள்ளைக்குக் ‘கட்டு’, ‘தட்டு’ ஆகிய இரண்டும் ஒரே சொல்லாகவே வாயிலிருந்து வரும். அவ்வாறான பிள்ளைக்கு ஓர் ஒலியைத் தனியே பழக்குவதைவிட, இரண்டு ஒலிகளும் பொருளை மாற்றுகின்றன என்பதை உணர்த்துவதே பயன் தரும் என்பதால், எந்த வகை என்று கண்டறியாமல் பயிற்சியைத் தொடங்குவதில் அர்த்தமில்லை.

எது பிழை, எது பிழையன்று என்ற கேள்வி இலங்கையின் வடபகுதியான வன்னியில் தனிக் கவனத்தை வேண்டுகிறது. ஈழத்துப் பேச்சு வழக்கில் ‘பத்து’, ‘பற்று’, ‘பட்டு’ ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் நாக்குப் படுவதால் தெளிவாக வேறுபட்டு ஒலிக்கின்றன. தமிழகத்தின் பேச்சு வழக்கில் பெரும்பாலும் ‘காத்து’ என்றாகிவிடும் சொல், இங்கே ‘காற்று’ என்றே பேச்சிலும் நிற்கிறது. மறுபுறம் ‘மூன்று’ என்பது ‘மூண்டு’ என்றும் ‘கன்று’ என்பது ‘கண்டு’ என்றும் ஒலிப்பது இவ்வூர் வழக்கு. ‘ழ’ அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ‘ள’வாகவே வருகிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், 1958, 1977 ஆண்டுகளின் வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழ்வதால், ஒரே முன்பள்ளியில் ஒரு பிள்ளை ‘மூண்டு’ என்றும் அடுத்த பிள்ளை ‘மூணு’ என்றும் சொல்வது இயல்பு. மலையக வழக்குப் பேசும் வீட்டுப் பிள்ளை ‘காத்து’ என்றால் அது குறைபாடன்று, அந்தப் பிள்ளையின் தாய்மொழி வழக்கு; ‘காற்று’ என்று பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஆறு வயதில் ‘பற்று’, ‘பத்து’ இரண்டையும் ஒன்றாக ஒலித்தால் அது ஆராயப்பட வேண்டியது. தமிழுக்கென உச்சரிப்புச் சோதனை 1980களிலேயே மைசூரில் உருவாக்கப்பட்டது. அதுபோன்ற ஒன்றைச் சொல்லுக்குச் சொல் எடுத்துவந்து இங்குள்ள பிள்ளைகளுக்கு வைப்பது, ஊர் வழக்கைக் குறையென்று எண்ணவும், மெய்யான குறையை வழக்கென்று விட்டுவிடவும் இடந்தரும். வீட்டில் தாயும் பேத்தியாரும் எப்படிக் கதைக்கிறார்கள் என்று கேட்டறியாமல் ஒரு பிள்ளையின் பேச்சை மதிப்பிடுவது நியாயமாகாது. வவுனியாவில் சிங்களமும் கலந்து கேட்கும் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். இரண்டு மொழி கேட்பதால் உச்சரிப்புக் குறைபாடு உண்டாவதில்லை என்பதால், வீட்டு மொழியைக் கைவிடுமாறு எந்தப் பெற்றோரிடமும் சொல்லத் தேவையில்லை.

காரணங்களில் முதலில் விலக்கிப் பார்க்க வேண்டியது கேட்டற் குறைபாடு. தெளிவாகக் கேளாத ஒலியைப் பிள்ளை தெளிவாகச் சொல்ல இயலாது. பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளை விரைவில் அடையாளங்காண முடிந்தாலும், அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்து நிற்பதால் வந்து வந்து போகும் மந்தமான கேட்டலைப் பெற்றோர் கவனிப்பதே கடினம்; அந்தப் பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், ஆனால் மெல்லிய ஒலிகள் அதன் காதில் பதியா. அதனாலேயே பேச்சுச் சிகிச்சைக்கு முன் செவிப் பரிசோதனை கட்டாயமாகக் கருதப்படுகிறது. அடுத்து, மேல் அண்ணம் பிளந்து பிறக்கும் பிள்ளைகள் உள்ளனர். உதடோ அண்ணமோ பிளந்த நிலை உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்றாகக் காணப்படுகிறது. அறுவைச் சிகிச்சையால் பிளவு மூடப்பட்ட பின்னரும், காற்று மூக்கால் போகப் பழகிவிட்ட பேச்சைத் திருத்தப் பயிற்சி தேவைப்படலாம். மூளைவாதத்தால் வாய்த் தசைகள் இறுகியோ தளர்ந்தோ இருப்பதும், தசையில் குறையின்றியே அசைவுகளை வரிசைப்படுத்தும் ஆற்றல் மூளையில் பிசகியிருப்பதும் வேறு சில காரணங்கள். எனினும் பெரும்பாலான பிள்ளைகளிடம் இவை எதுவும் காணப்படுவதில்லை. காரணம் புலப்படாமலே ஒலிகள் பிந்துகின்றன.

‘நாக்குத் தடிப்பு’ என்று பொதுவாகச் சொல்லப்படும் காரணம் மிக அரிதாகவே உண்மையாக இருக்கிறது. நாக்கின் அடியில் உள்ள தசைநார் குறுகியிருக்கும் பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் தெளிவாகவே பேசுகின்றனர். வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதால் ஒலி திருந்தியதற்குச் சான்றில்லை. தேன் தடவும் வழக்கமோ ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்தானது, ஏனெனில் தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் அந்த வயதில் உடலை வாதமுறச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். பலூன் ஊதச் செய்தல், நாக்கை வெளியே நீட்டி ஆட்டுதல் போன்ற பயிற்சிகள் சில இடங்களில் இன்றும் கற்பிக்கப்பட்டாலும், அவற்றால் உச்சரிப்புத் திருந்துகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஒலியைத் திருத்த ஒலியையே பழக வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு முறையான வடிவம் தந்தவர்களுள் அமெரிக்கரான சார்ள்ஸ் வான் ரைப்பர் முக்கியமானவர். தாமே திக்குவாயால் துன்பப்பட்ட அவர் 1939இல் வெளியிட்ட பேச்சுத் திருத்த நூலில் வகுத்த படிமுறை இன்றும் பல மாற்றங்களோடு வழக்கில் உள்ளது. முதலில் காது பழக வேண்டும். சிகிச்சையாளர் சொல்லும் சொற்களில் ‘க’ வந்தபோது பிள்ளை ஒரு புளியங்கொட்டையை எடுத்துச் சிரட்டையில் போடுவது போன்ற விளையாட்டால் அது நடக்கிறது. பின் ஒலி தனியே பிறக்க வேண்டும். ‘க’ வராத பிள்ளையை மல்லாந்து படுக்கவைத்தால் நாக்கு தானாகவே பின்னோக்கிச் சரியும். வாயில் சிறிது தண்ணீரை வைத்துக் கொப்பளிக்கச் செய்தால் அடிநாக்கு எழும் உணர்வு கிடைக்கும். நுனிநாக்கை ஒரு கரண்டிக் காம்பால் மெல்ல அழுத்திப் பிடித்தால் ‘த’ சொல்ல முயலும் நாக்கு வேறு வழியின்றி ‘க’ சொல்லும். ‘ல’வுக்கு முகக்கண்ணாடி உதவும், ஏனெனில் நாக்கு நுனி மேற்பல்லின் பின்னால் தொடுவதைப் பிள்ளை தானே பார்க்கலாம். ‘ர’ எல்லாவற்றிலும் அதிகப் பொறுமையை வேண்டுவது. ஒலி பிறந்தபின் அசையிலும், சொல்லின் முதலிலும் நடுவிலும், சொற்றொடரிலும், இறுதியில் இயல்பான கதையிலும் அது நிலைபெற வேண்டும். பலருக்கு இந்தக் கடைசிப் படியே நீண்ட காலம் எடுக்கிறது.

பயிற்சிச் சொற்கள் பிள்ளையின் வாழ்விலிருந்து வர வேண்டும். குளம், வயல், பனை, பாலைப்பழம், மாடு, கண்டு, கொக்கு என்பவை வன்னிப் பிள்ளைக்கு அன்றாடம் கண்ணில் படுபவை. ‘காடு’, ‘காது’ ஆகிய இரண்டு படங்களை வைத்து, பிள்ளை சொன்ன படத்தையே தாய் எடுத்துக் கொடுத்தால், ‘காடு’ என்று எண்ணிக் ‘காது’ என்ற பிள்ளைக்குக் காதின் படமே கிடைக்கும். யாரும் பிழையென்று சொல்லாமலே தன் ஒலி பொருளை மாற்றிவிட்டதை அது உணர்ந்துகொள்ளும். மாங்குளம், முறிகண்டி, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் என்று தன் ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொல்ல முடிவது, வகுப்பில் எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்த வேண்டிய பிள்ளைக்குச் சிறிய காரியமன்று.

இத்தகைய சிகிச்சையைத் தருவோர் தொகை இலங்கையில் தேவைக்கு மிகக் குறைவு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் 1997இல் டிப்ளோமாவாகத் தொடங்கிப் பின்னர் பட்டப்படிப்பாக உயர்ந்த பயிற்சியே நாட்டின் பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்கிய அடித்தளம். அது ஆங்கிலத்தில் நடப்பது. கற்று வெளியேறுபவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சிலரே. மற்ற மருத்துவத் துறைகளில் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு ஓரளவு வேலை நடக்கலாம். ஆனால் ‘ட’வுக்கும் ‘ற’வுக்கும் இடையிலான நூலிழை வேறுபாட்டைத் தம் காதால் பிரித்தறிய முடியாத ஒருவர் அதைப் பிள்ளைக்குப் பழக்க இயலாது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள தமிழ் மாணவர்களை இத்துறைக்குக் கொண்டுவருவதும், பாடத்திட்டத்தில் ஈழத்து வழக்குகளின் ஒலியியலைச் சேர்ப்பதும் அவசரமானவை.

ஆளணி பெருகும் வரை தூரமும் ஒரு சுமையாகிறது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியால் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவின் உட்கிராமங்களிலிருந்து எந்தப் பெரிய வைத்தியசாலைக்குச் செல்வதானாலும் ஒரு நாட்கூலி போய்விடுகிறது. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் மிகுந்த பகுதியில், வாரந்தோறும் வருமாறு சொல்லும் சிகிச்சை மூன்றாம் வாரத்தில் நின்றுபோவதற்குத் தாய்மாரின் அக்கறையின்மை காரணமன்று. செல் வெடிப்பில் செவிப்பறை கிழிந்து தாமே சரியாகக் கேளாத பெற்றோரிடம், பிள்ளையின் ஒலியைக் கேட்டுத் திருத்துமாறு சொல்வதும் பயனற்றது. அந்த வீட்டில் மூத்த சகோதரியோ பேரனாரோ பயிற்சியை ஏற்க வேண்டியிருக்கும்.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பிய முயற்சி தமிழகத்தில் உண்டு. திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில், சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த பேச்சுச் சிகிச்சைத் துறையினர், உள்ளூர்ச் சமூகப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, அண்ணப்பிளவு உள்ளவர்களுக்கு அவர்களின் ஊரிலேயே பேச்சுப் பயிற்சி கிடைக்கச் செய்தனர். மதிப்பீடும் திட்டமும் நிபுணருடையவை, அன்றாடப் பயிற்சி பணியாளருடையது. இலங்கையிலோ இதற்கான அடித்தளம் ஏற்கெனவே வலுவாக உள்ளது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையிலிருந்து வளர்ந்த அமைப்பில், குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுப் படலையையும் அறிந்தவர். முன்பள்ளி ஆசிரியை ஒவ்வொரு நாளும் அதன் பேச்சைக் கேட்பவர். 2012இல் அவுஸ்திரேலியாவில் மக்லவுட்டும் உடன் ஆய்வாளர்களும் அமைத்த எளிய அளவுகோல் ஒன்று, பெற்றோருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் ஆசிரியருக்கும் அந்நியருக்கும் பிள்ளையின் பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்று ஏழே கேள்விகளில் கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடச் செய்கிறது. அவ்வாறான ஒன்றை முன்பள்ளிகளில் பயன்படுத்த ஒரு நாட்பயிற்சி போதும். முதலாம் தரத்தில் சேர்வதற்கு முன்பே உதவி தேவைப்படும் பிள்ளைகள் தெரிந்துவிடுவர். உச்சரிப்புக் குறையோடு பள்ளிக்குப் போகும் பிள்ளை வாசிப்பிலும் எழுத்திலும் இடறும் வாய்ப்பு அதிகம் என்பதால், இது கல்வித் துறைக்கும் உரிய வேலை.

வீட்டில் செய்யத்தக்கது எளியது. பிள்ளை ‘தோழி ஓடுது’ என்றால், ‘ஓம், கோழி ஓடுது, பெரிய கோழி’ என்று சரியான ஒலியைத் திருப்பிக் கேட்கச் செய்துவிட்டுக் கதையைத் தொடர வேண்டும். ‘திருப்பிச் சொல்லு’ என்று விருந்தினர் முன் நிறுத்துவதும், அதன் பேச்சைப் போலப் பேசிச் சிரிப்பதும் பிள்ளையை வாய்மூடச் செய்பவை. சிகிச்சையாளர் தந்த சொற்களை ஒரே நாளில் ஒரு மணிநேரம் பழக்குவதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் விளையாட்டோடு பழக்குவது நல்லது. முதன்முறை சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும்போது பிறப்பிலிருந்து வைத்திருக்கும் வளர்ச்சிப் பதிவேட்டையும், காதில் சீழ் வடிந்ததா, காய்ச்சலோடு வலிப்பு வந்ததா என்ற விவரங்களையும், வீட்டில் பிள்ளை இயல்பாகக் கதைப்பதைக் கைத்தொலைபேசியில் பதிந்த இரண்டு நிமிட ஒலிப்பதிவையும் எடுத்துச் செல்வது உதவும். புதிய இடத்தில் வெட்கத்தால் பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பற்றியும் அந்தப் பதிவிலிருந்து சிகிச்சையாளர் நிறைய அறிந்துகொள்ளலாம். அடுத்த வருகை பிந்துமென்றால், அதுவரை வீட்டில் பழக வேண்டிய சொற்களை எழுதித் தருமாறு கேட்டு வாங்கிவர வேண்டும்.