சிவப்புக் குமிழும் பழைய பயமும்

1944 ஜூன் இறுதியில் நியூ கினியாவின் ஹாலந்தியா தளத்துக்கு வந்த புகழ்பெற்ற விமானி சார்லஸ் லிண்ட்பெர்க், அங்கே பி-38 போர் விமானம் ஓட்டிய இளைஞர்களிடம் சொன்னது அவர்கள் பழகியதற்கு நேர் எதிரானது. நீண்ட பயணத்தில் எஞ்சின் சுழற்சியை நிமிடத்துக்கு 1600 ஆகக் குறையுங்கள், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டுங்கள், பெட்ரோலைக் குறைத்துக் கலவையை மெலிதாக்குங்கள் என்றார். எஞ்சின் கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆனால் ஒன்றாகப் போய்த் திரும்பியபோது அவருடைய தொட்டியில்தான் மற்றவர்களைவிட அதிகப் பெட்ரோல் மிஞ்சியிருந்தது. அந்த முறையைக் கற்ற பிறகு அவர்களால் இன்னும் வெகுதூரம் போய்வர முடிந்தது. சிறிய பிஸ்டன் விமானங்களை ஓட்டுவோரில் பலருக்கு அதே அச்சம் இன்றும் உண்டு. எஞ்சினைக் கெடுப்பது மெலிந்த கலவை அல்ல, தவறான இடத்தில் நிறுத்தப்பட்ட கலவைதான் என்பது என் வாதம்.

உயரே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். பெட்ரோல் அதே விகிதத்தில் தானாகக் குறையாது. அதனால் விமானி கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்புக் குமிழை மெல்ல வெளியே இழுத்துப் பெட்ரோலைக் குறைக்கிறார். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். அதிகபட்சத் திறன் கிடைப்பதோ 12, 13 கிலோ காற்றில். பெட்ரோலைக் குறைக்கக் குறைக்க வெளியேறும் புகையின் வெப்பம் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பின்பு இறங்கும். சிலிண்டர் ஹெட் மிகவும் சூடாவது அந்த உச்சத்தில் அல்ல. அதற்குச் சற்று முன்பே, பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போதே. உச்சத்தைத் தாண்டிவிட்டால் கலவை நிதானமாக எரிகிறது, உள்ளழுத்தம் தணிகிறது, சிலிண்டர் குளிர்கிறது. அதிகத் திறனில் பயந்து பயந்து பாதி இழுத்து நிறுத்துபவர்தான் எஞ்சினை மிகக் கொடிய சூட்டில் விட்டுவிடுகிறார்.

எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவு பெட்ரோல் போவதில்லையே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒன்று உச்சத்தைத் தாண்டியிருக்க, அடுத்தது தாண்டாமல் நின்றால் எஞ்சின் குலுங்கும். கார்புரேட்டர் எஞ்சின்களில் இது இன்றும் பெரிய தடை. ஆனாலும் 1950களில் டிசி-7 போன்ற பயணிகள் விமானங்களின் ஃப்ளைட் எஞ்சினியர்கள், எஞ்சின் திறனைக் காட்டும் மீட்டரைப் பார்த்தபடியே உச்சத்தைத் தாண்டிக் கலவையை மெலிதாக்கினார்கள். சமன்செய்யப்பட்ட இன்ஜெக்டர்களும் சிலிண்டருக்கு ஒரு வெப்பமானியும் வந்தபின் சிறிய விமானங்களிலும் அது சாத்தியமானது.

கிளம்பும்போது முழுத்திறனில் கூடுதல் பெட்ரோல் தேவை என்பதும் உண்மையே. அதுதான் கலவை தாறுமாறாக வெடிக்காமல் காக்கிறது. ஆனால் எப்போதும் குமிழை முழுக்க உள்ளே தள்ளி வைப்பது பாதுகாப்பு ஆகிவிடாது. பெரும்பாலான விமானப் பெட்ரோலில் இன்னும் ஈயம் இருக்கிறது. செறிவான கலவையில் அது ஸ்பார்க் பிளக்கில் படிகிறது. கொலராடோவின் லெட்வில் விமானநிலையம் 9,900 அடிக்கும் மேலே இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சினோடு அங்கிருந்து கிளம்புபவர், ஓடத் தொடங்கும் முன்பே குமிழை இழுத்தாக வேண்டும். இல்லையென்றால், ஏற்கெனவே மெலிந்த காற்றில் கிடைக்கும் கொஞ்சத் திறனிலும் ஒரு பகுதியை எரியாத பெட்ரோல் தின்றுவிடும்.