அறியா வினாவும் செவ்வன் இறையும்
ஓட்டிசம் உள்ளவர்களுக்கு விளங்கச் சொல்வது பற்றி

மட்டக்களப்பு – கல்முனை வீதியில், களுதாவளைக்கு அடுத்தாற்போல, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர் தேற்றாத்தீவு. ஊரின் பெயரிலேயே தேற்றா மரம் நிற்கிறது. அதன் கொட்டையைப் பானையின் உட்பக்கத்தில் உரைத்து, கலங்கல் தண்ணியை ஊற்றி வைத்தால், மண் அடியில் படிந்து தண்ணி தெளியும். தேற்றுதல் என்றால் தெளிவித்தல். மரத்தின் பெயரும் அந்த வினையோடு சேர்ந்ததுதான்.

பேச்சிலும் கலங்கல் உண்டு. அதனால் ஆகக் கூடுதலாகக் கஷ்டப்படுகிறவர்களில் ஓட்டிசம் உள்ளவர்களும் அடங்குவர். விளங்காத ஒன்றை அவர்கள் கேட்டால், தெளிவான பதில் கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

முதலில் ஓட்டிசம் என்றால் என்ன என்று பார்ப்போம். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் இந்தப் பெயர் பரவியது. இது தொற்றுகிற நோயல்ல, வளர்ப்புப் பிழையுமல்ல. மூளை வளர்கிற விதத்தில் உள்ள வேறுபாடு. சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் நன்றாகப் பேசுவார்கள், படிப்பார்கள், உத்தியோகமும் பார்ப்பார்கள். இலங்கையில் ஒரு புறநகர்ப் பகுதியில் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசம் இருந்ததாகச் சொல்கிறது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், 900 பிள்ளைகள் படிக்கிற பாடசாலையில் ஒன்பது பத்துப் பேர் வருவார்கள். எல்லாரும் பேச்சில்லாத பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள். சிலர் முன்வாங்கிலேயே இருப்பார்கள்.

அப்படி ஒரு பிள்ளை தரம் 8இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வினாத்தாளில் 'தக்க உதாரணங்களுடன் விளக்குக' என்று இருக்கிறது.

"எத்தனை உதாரணம் சேர்?"

"தேவையான அளவு எழுது மகன்."

"எத்தனை தேவை சேர்?"

வகுப்பு சிரிக்கும். "வாய் காட்டாம இரு" என்ற பதில் வரும். இரண்டு உதாரணம் போதும் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் அதைப் போக்கில் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டது கிடைக்கவில்லை, அதனால்தான் கேட்டது.

இங்கே நடந்ததை விளங்கிக்கொள்ள நன்னூல் உதவும். பவணந்தியார் வினாவை ஆறாகப் பிரிக்கிறார். அதில் அறிவினா என்பது தனக்குத் தெரிந்ததையே மற்றவரிடம் கேட்பது. ஆசிரியர் மாணவனைச் சோதிப்பது போல. அறியா வினா என்பது தெரியாமல் கேட்பது. இரண்டுக்கும் சொற்கள் ஒன்றாகவே இருக்கலாம். எந்த வினா என்பதைக் குரலையும் முகத்தையும் வைத்துத்தான் நாம் பிரித்தறிகிறோம். ஓட்டிசம் உள்ள பலருக்குக் குரலின் ஏற்ற இறக்கமும் முகபாவமும் மற்றவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி அமையாது. ஆகவே அவர்களுடைய அறியா வினா, கேட்பவரின் காதில் அறிவினாவாக விழுகிறது. 'என்னைச் சோதிக்கிறான்', 'எதிர்த்துக் கதைக்கிறான்' என்று படுகிறது.

விடையிலும் சிக்கல் இருக்கிறது. நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். இவற்றைச் செவ்வன் இறை என்பார்கள். மற்ற ஐந்தும் இறை பயப்பன; வேறொன்றைச் சொல்லி, விடையைக் கேட்பவரையே எடுத்துக்கொள்ள விடுபவை. நம்முடைய நாளாந்தப் பேச்சில் பாதி இந்த இரண்டாம் வகைதான்.

"சீனி இருக்கா காக்கா?" என்றால், "லொறி இன்னும் வரல்ல" என்பார் கடைக்காரர். இல்லை என்பது பொருள். "கூட்டத்துக்கு வருவீங்களா?" என்றால், "பார்ப்பம்" என்பார்கள். வருவாரா மாட்டாரா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கிளினிக்கில் "நாளைக்கு மூன்று தரம் குடிங்க" என்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று தரமா, நாளை மட்டுமா? நமக்குச் சந்தேகம் வராது. சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவருக்கு வரும். அவர் திருப்பிக் கேட்டால், அதே வசனத்தை இன்னும் சத்தமாகச் சொல்கிறோம். சத்தம் கூடுகிறது, தெளிவு கூடவில்லை.

இதில் குறை யாருடையது? ஓட்டிசம் உள்ள சமூகவியலாளரான டேமியன் மில்டன், விளங்காமை இரண்டு பக்கமும் உள்ளது என்று 2012இல் எழுதினார். அவர்களுக்கு நம்மைப் பிடிபடாதது போலவே நமக்கும் அவர்களைப் பிடிபடவில்லை. 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், எட்டுப் பேர் கொண்ட வரிசைகளில் ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்தினார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசைக்குக் குறையாமல் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் கூடுதலாகச் சிந்தியது. 2025இல் வந்த பெரிய ஆய்வில் கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. இரண்டு ஆய்விலும் ஒன்று உறுதி: விஷயத்தை வாங்கவும் கொடுக்கவும் அவர்களால் முடியாது என்று சொல்ல இடமில்லை.

சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டவரை நம் மார்க்க வரலாறு எப்படி நடத்தியது என்பதும் நினைக்கத் தக்கது. நோன்பு பற்றிய அல்பகரா அத்தியாயத்தின் 187ஆம் வசனத்தில் வெள்ளை நூல், கறுப்பு நூல் என்று வருகிறது. அதீ பின் ஹாத்திம் (ரலி) இரண்டு நிறத்திலும் கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்து, இரவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளங்காமல் நபியவர்களிடம் (ஸல்) வந்து சொன்னபோது, அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று நேராக விளக்கம் கிடைத்தது. வேறு சிலர் காலில் நூல்களைக் கட்டிக்கொண்டதாகவும், அதன் பின்னரே 'வைகறையின்' என்ற சொல் இறங்கியதாகவும் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். இரண்டும் புகாரியில் உள்ளன. அந்த ஸஹாபாக்களுக்கு ஓட்டிசம் என்று நான் சொல்ல வரவில்லை. விளங்காதவருக்காகச் சொல் கூட்டப்பட்டது என்பதுதான் நமக்குரிய பாடம்.

அப்படியென்றால் நாம் செய்யக் கூடியது என்ன?

'கொஞ்சம் பொறுங்க' என்பதற்குப் பதிலாக 'பத்து நிமிஷம்' என்று சொல்லலாம். எண், நேரம், இடம், ஆள் நான்கும் வந்தால் பாதிக் கலங்கல் போய்விடும். ஒரு தரத்தில் ஒரு காரியத்தை மட்டும் சொல்லி, முடிந்தால் துண்டில் எழுதிக் கொடுக்கலாம். திருப்பிக் கேட்டால் வசனத்தை மாற்றிச் சொல்ல வேண்டும். உவமை சொன்னால் பொருளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால் 'தெரியாது' என்பதே செவ்வன் இறை.

கேட்பவருக்கும் ஒரு வழி உண்டு. "எதிர்த்துக் கேட்கல்ல; எனக்கு விளங்கல்ல" என்று முதலில் சொல்லிவிட்டு, அறியா வினாவை ஐயவினாவாக மாற்றிக் கேட்கலாம். 'படிவத்தை எங்க குடுக்கிற?' என்பதை விட, 'இங்க தரவா, 4ஆம் இலக்க அறையில தரவா?' என்றால் ஒன்றைச் சுட்டித்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

இது வெறும் மரியாதைக் காரியமல்ல, உரிமையும்கூட. இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம், தொடர்பாடல் என்பதற்குள் பிரெயில் எழுத்தோடு எளிய மொழியையும் சேர்த்துச் சொல்கிறது. பார்வையற்றவருக்குப் பிரெயில் எப்படியோ, இவர்களுக்கு நேர்ப்பேச்சு அப்படி.

நாலு தரம் ஏச்சு வாங்கிய பிள்ளை ஐந்தாம் தரம் கேட்காது. 'இப்ப திருந்திட்டான்' என்று நாமும் சந்தோஷப்படுவோம். அவன் நிறுத்தியது கேட்பதை மட்டும்தான். விளங்காமை அவனோடு கிளினிக்குக்கும் கந்தோருக்கும் கூடவே போகும். அடுத்த தவணை வினாத்தாளில் 'தக்க உதாரணங்களுடன்' என்ற இடத்தில் 'இரண்டு உதாரணங்களுடன்' என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் நட்டமில்லை. சிலருக்கு அதுதான் முழுப் புள்ளிக்கும் பூச்சியத்துக்கும் உள்ள தூரம்.