ஒரு கார்டு, எட்டுப் பேர்

நின்டெண்டோ நிறுவனம் 2005 நவம்பரில் ‘மரியோ கார்ட் டி.எஸ்.’ ஆட்டத்தை வெளியிட்டது. உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் சின்ன கேம் கார்டு. நண்பர்களில் ஒருவர் அதை வாங்கினால் போதும், டி.எஸ். கைக்கருவி வைத்திருக்கும் இன்னும் ஏழு பேர் தனியாகக் காசு கொடுக்காமலே அவரோடு பந்தயத்தில் இறங்கலாம். கார்டு செருகிய கருவி, ஆட்டத்தின் ஒரு பகுதியை வயர்லெஸ் வழியாக மற்றக் கருவிகளுக்கு அனுப்பும். சற்றுக் காத்திருந்தால் எட்டுப் பேரும் தொடக்கக் கோட்டில் நிற்பார்கள். கருவியை அணைத்தால் வந்த பகுதி அழிந்துவிடும்.

கார்டு இல்லாதவர்கள் மரியோ, லூயிஜி, பீச் என்று பிடித்த ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லோரும் முகமூடி போட்ட ‘ஷை கை’தான், நிறம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஓட்டக் கிடைக்கும் தடங்களும் சிலதான். இருந்தாலும், காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளை விற்பவரே பகிர்ந்து விளையாடச் சொன்ன அந்த முடிவை, கைக்கருவி ஆட்டங்களின் வரலாற்றில் மிகப் பெருந்தன்மையானவற்றுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

மரியோ கார்ட் பிறந்ததே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு ஓட்டுவதற்காகத்தான். 1990-இல் வந்த ‘எஃப்-ஸீரோ’ பந்தய ஆட்டத்தை ஒருவர் மட்டுமே ஆட முடிந்தது. இருவர் ஒரே நேரத்தில் ஆடும் பந்தயம் ஒன்று வேண்டும் என்று கியோட்டோவில் இருந்த நின்டெண்டோ குழு இறங்கியதில் உருவானது 1992-இன் ‘சூப்பர் மரியோ கார்ட்’. ததாஷி சுகியாமாவும் ஹிதேகி கோன்னோவும் இயக்க, ஷிகேரு மியாமோட்டோ தயாரித்தார். டி.வி. திரை அதில் எப்போதும் மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிந்தே இருக்கும். தனியாக ஆடினாலும் அப்படித்தான்; அப்போது கீழ்ப் பாதியில் தடத்தின் வரைபடம் தெரியும்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே கோன்னோ தயாரிப்பாளராக இருந்து டி.எஸ். ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது, கருவியிலேயே இரண்டு திரைகள் இருந்தன. மேல்திரையில் பந்தயம், கீழ்த்திரையில் வரைபடம். பின்னாலிருந்து சிவப்பு ஆமை ஓடு துரத்தி வருகிறதா, முன்னே வளைவில் யாரோ வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்பதை ஒரு கண்வீச்சில் பிடித்துவிடலாம். கீழே இருந்த தொடுதிரையை வைத்துக்கொண்டு வித்தை காட்ட ஆசைப்படாமல் வரைபடத்துக்கு விட்டுக்கொடுத்தது நல்ல அடக்கம்.

இடையில் 2001-இல் கேம்பாய் அட்வான்ஸ் கைக்கருவிக்கு ‘மரியோ கார்ட்: சூப்பர் சர்க்யூட்’ வந்திருந்தது. அந்தக் கருவியின் திரைக்கு வெளிச்சமே கிடையாது. விளக்கடியில் உட்கார்ந்தால்தான் தடம் தெரியும். நான்கு பேர் சேர்ந்து ஆட கேபிள் வேண்டும். டி.எஸ். அந்தக் கேபிளை அறுத்தது. இன்னொன்றும் நடந்தது: ஒரே டி.வி.யைப் பங்குபோட்டவர்கள் ஆளுக்கொரு முழுத்திரையோடு உட்கார்ந்தார்கள். அடுத்தவரின் பாதித் திரையை எட்டிப் பார்த்து அவர் எங்கே வருகிறார் என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. இந்த டி.எஸ். ஆட்டத்தில்தான் மரியோ கார்ட்டில் முதன்முதலாக ஆயுதமாக வந்தது ‘ப்ளூப்பர்’ என்ற கணவாய். அது முன்னே போகிறவர்களின் திரையில் மையைக் கொட்டும்போது, அறையில் யார் அலறுகிறார் என்பதை வைத்துத்தான் மை யாருக்குப் பட்டது என்று தெரியும்.

பொருள்கள் கிடைக்கும் முறை மரியோ கார்ட்டின் அடித்தளம். முதலில் போகிறவருக்குத் தடத்தில் கிடைக்கும் பெட்டியிலிருந்து பெரும்பாலும் வாழைப்பழமோ பச்சை ஓடோதான் வரும். கடைசியில் தள்ளாடுபவருக்கு நட்சத்திரம், மின்னல், தானாகவே தடத்தில் பறந்துபோய்ப் பலரைத் தாண்ட வைக்கும் ‘புல்லட் பில்’. திறமைக்கு இது அநீதி என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல்முறை பட்டன் தொடும் சிறுமியும் பல வருடம் ஓட்டியவரும் ஒரே பந்தயத்தில் கடைசி வளைவு வரை நம்பிக்கையோடு இருக்க வேண்டுமென்றால் வேறு வழியே இல்லை.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு கட்டைவிரல் வித்தை. ஆர் பட்டனை அழுத்தினால் வண்டி ஒரு துள்ளு துள்ளி, வளைவில் பக்கவாட்டாகச் சறுக்கும். சறுக்கும்போதே திசைப் பட்டனை எதிர்ப்பக்கமும் மறுபடி வளைவின் பக்கமும் தட்ட வேண்டும். ஒருமுறை தட்டினால் சக்கரத்தடியில் நீலப் பொறி, இன்னொருமுறை தட்டினால் சிவப்புப் பொறி. சிவப்பு வந்ததும் ஆரை விட்டால் வண்டி சீறிப் பாயும். வளைவுக்காக வைத்த இந்தப் பரிசை நேர்ச்சாலையிலும் எடுக்கலாம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். இடப்பக்கம் ஒரு சறுக்கல், பாய்ச்சல். வலப்பக்கம் ஒரு சறுக்கல், பாய்ச்சல். இடைவெளியே விடாமல் தடம் முழுக்க வளைந்து வளைந்து போவார்கள். ‘ஸ்னேக்கிங்’ என்றார்கள். முந்தைய ‘டபுள் டாஷ்’ ஆட்டத்திலேயே இது இருந்தது. ஆனால் டி.எஸ்.ஸில் சின்னத் திசைப் பட்டனைத் தட்டத் தட்ட விரல் தேர்ந்துவிடும். நன்றாகச் சறுக்கும் ‘ட்ரை பாம்பர்’ போன்ற வண்டியோடு ஒருவர் இப்படிப் போனால், சாதாரணமாக ஓட்டுபவர் அவரை அடுத்த சுற்றிலும் பார்க்க மாட்டார். புல்லட் பில்லும் அந்த இடைவெளியை நிரப்பாது.

இது ஏமாற்று வேலை அல்ல. எல்லோருக்கும் உள்ள அதே பட்டன்கள், அதே விதிகள். மூன்று சுற்றும் பிசகாமல் இந்த லயத்தைப் பிடிப்பது உண்மையான கைத்திறன்; நேரப் போட்டியில் அதைப் பார்ப்பதே விருந்து. சிக்கல் எழுந்தது இணையத்தில். நின்டெண்டோவின் இலவச வை-ஃபை சேவையை முதலில் பயன்படுத்திய ஆட்டங்களில் இதுவும் ஒன்று. முகம் தெரியாத நான்கு பேர் சேர்ந்து ஓட்டலாம், ஆனால் பேசிக்கொள்ள முடியாது. ஒரே அறையில் இருந்தால் “நேர்ச்சாலையில் சறுக்கக் கூடாது” என்று ஒரு வார்த்தையில் பேசி முடித்துவிடலாம். இணையத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு இடமில்லை. புதிதாக வந்தவர்கள் முதல் சுற்றிலேயே பின்தங்கி, பாதியில் வெளியேறினார்கள்.

2008-இன் ‘மரியோ கார்ட் வீ’யில் நின்டெண்டோ முறையையே மாற்றியது. சறுக்கிக்கொண்டே போதிய நேரம் இருந்தால்தான் பொறி வரும். விரலால் தட்டி அவசரப்படுத்த முடியாது. ஸ்னேக்கிங் அதோடு முடிந்தது. எல்லோருக்குமான ஆட்டத்துக்கு அது சரியான முடிவு. ஆனால் கைவேலையில் ஒரு பெரிய நுட்பம் போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. டி.எஸ். ஆட்டத்துக்கே திரும்பினால், அதன் தடங்களின் எழிலைத் தனியே எழுத வேண்டும்: உருண்டு வரும் ராட்சத உலோகப் பந்துகளிடமிருந்து தப்பி ஓடும் ‘வாலுயிஜி பின்பால்’, கடிகாரத்துக்குள்ளேயே பற்சக்கரங்கள் மேல் ஓட்டும் ‘டிக் டாக் கிளாக்’. 16 புதியவை, பழைய நான்கு ஆட்டங்களிலிருந்து நான்கு நான்காக எடுத்த 16 என்று மொத்தம் 32.

2 கோடியே 36 லட்சம் பிரதிகள் விற்ற இந்த ஆட்டத்தின் இணையச் சேவை 2014 மே 20 அன்று மூடப்பட்டது. ஆளுக்கு ஆள் நேரடியாக இணையும் வயர்லெஸ்ஸுக்கு அந்த சர்வர் தேவையே இல்லை. பழைய டி.எஸ்.ஸோ, பின்னால் வந்த 3டி.எஸ்.ஸோ இரண்டு கிடைத்தால், ஒரு கார்டை வைத்து இன்றைக்கும் ஓட்டலாம். புதியவரைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் ‘யோஷி ஃபால்ஸ்’ தடத்தில் தொடங்குங்கள். அருவிகள் சூழ்ந்த எளிய நீள்வட்டம் அது. சறுக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இந்த ஆட்டத்தில் இல்லை.