போர்பன்: மக்காச்சோளமும் கருக்கிய பீப்பாயும்

மக்காச்சோளத்தை முதன்மைத் தானியமாகக் கொண்டு அமெரிக்காவில் வடிக்கப்படும் விஸ்கிக்குப் போர்பன் என்று பெயர். அந்நாட்டுச் சட்டம் அதற்கு வகுத்திருக்கும் இலக்கணம் கறாரானது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்தெடுக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உட்புறம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் மரக் கலத்தில், 62.5 சதவீதத்துக்கு மிகாத வீரியத்தில் ஊற்றி வைக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. தண்ணீரைத் தவிர நிறமோ மணமோ எதையும் சேர்க்கத் தடை. கென்டக்கி மாநிலத்தில் செய்தால்தான் போர்பன் என்று பலர் நினைப்பதுண்டு. பெரும்பகுதி அங்கே தயாராகிறது என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் செய்யலாம். 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனை அந்நாட்டுக்கே உரிய தனிப்பொருளாக அறிவித்தது. அதனால் வேறு நாட்டில் அதே முறையில் வடித்தாலும் அதைப் போர்பன் பாணி விஸ்கி என்றுதான் சொல்ல முடியும்.

இது தொடக்கத்தில் பண்ணை வீடுகளின் தொழில்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறிய உழவர்களுக்கு மக்காச்சோளம் நன்றாக விளைந்தது. அதை மலை தாண்டிச் சந்தைக்குக் கொண்டுபோகக் கூலி கட்டுப்படியாகவில்லை. சிறிய செம்புக் கொப்பரையில் வடித்துவிட்டால் சுமை குறைந்தது, கெட்டுப்போகும் பயமும் நீங்கியது. 1791இல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் யோசனைப்படி இந்தச் சாராயத்துக்கு வரி விழுந்தபோது மேற்குப் பென்சில்வேனிய உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1794இல் அதை அடக்க ஜார்ஜ் வாஷிங்டனே படையுடன் புறப்பட்டார். அதே வாஷிங்டன் பதவிக்காலம் முடிந்ததும் மவுன்ட் வெர்னான் பண்ணையில் வடிசாலை தொடங்கினார் என்பது வரலாற்றின் குறும்பு. 1799இல் அங்கே வடிந்தது ஏறக்குறைய 11,000 காலன், அதாவது 40,000 லிட்டருக்கும் மேல். அதில் 60 சதவீதம் ரை தானியம் என்பதால் அது போர்பன் ஆகாது. கருக்கிய பீப்பாயை எலைஜா கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் போதகர் கண்டுபிடித்தார் என்ற கதை பிற்காலத்தில் விளம்பரங்களின் வழியே பரவியது. அதற்குச் சமகாலச் சான்று கிடையாது.

தானியங்களின் விகிதம்தான் சுவையின் முதல் முடிவு. வழக்கமான கலவையில் மக்காச்சோளம் 70 முதல் 80 சதவீதம், மிச்சத்தில் ரை, முளைகட்டி உலர்த்திய பார்லி. மக்காச்சோளம் இனிப்பையும், ரை மிளகுபோன்ற காரத்தையும் தருகின்றன. ரைக்குப் பதில் கோதுமை சேர்த்தால் மென்மை கூடும். மேக்கர்ஸ் மார்க் நிறுவனத்தின் கலவையில் மக்காச்சோளம் 70, கோதுமை 16, பார்லி 14. ஃபோர் ரோசஸ் இரண்டு தானியக் கலவைகளையும் ஐந்து வகை ஈஸ்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பத்து விதமாக வடிக்கிறது. பார்லியின் வேலை சுவை மட்டுமல்ல. முளைவிடும்போது அதில் சுரக்கும் நொதிகள்தான் கலவை முழுவதிலும் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன.

இந்த உடைப்புதான் தானிய விஸ்கியின் உண்மையான உழைப்பு. ஈஸ்ட் சர்க்கரையைத்தான் தின்னும், மாவுச்சத்தைத் தொடாது. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் மலிவாக விற்கும் பல மதுவகைகளுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ். அதில் சர்க்கரை ஆயத்தமாகவே இருப்பதால் தண்ணீர் கலந்து ஈஸ்ட் போட்டாலே புளிக்கத் தொடங்கிவிடும். மக்காச்சோளம் அப்படி இளகாது. அதன் மாவுச்சத்து இறுகிய மணிகளாக இருக்கிறது. நீரில் வெந்து, உப்பி, கூழானால்தான் நொதி உள்ளே நுழைய முடியும். எனவே ரவையாக உடைத்த மக்காச்சோளத்தை எடையில் மூன்று, நான்கு மடங்கு தண்ணீரில் 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் போல வேகவிடுகிறார்கள். பெரிய ஆலைகளில் அழுத்தக் கொப்பரையில் இன்னும் அதிகச் சூடு கொடுப்பதும் உண்டு. இந்தக் கட்டத்தில் கூழ் களிபோல் இறுகும், அடிபிடிக்கும். சிறிய அளவில் செய்பவர்களின் கை வலிப்பதும் இங்கேதான்.

அடுத்து சூட்டைப் படிப்படியாக இறக்க வேண்டும். 75 டிகிரிக்கு அருகில் ரை சேர்கிறது. 65க்குச் சற்றுக் கீழே வந்த பிறகே பார்லி. முன்கூட்டிப் போட்டால் கொதிசூட்டில் நொதிகள் செத்துவிடும், பின்பு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கூழ் கூழாகவே இருக்கும். சரியான சூட்டில் விழுந்தால் சில நிமிடங்களில் களி இளகி நீர்த்துப்போவதைக் கண்ணால் காணலாம். ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகளை நடுநடுவே வெட்டுகிறது. பீட்டா அமைலேஸ் ஓரத்திலிருந்து சிறு சர்க்கரைத் துண்டுகளைக் கிள்ளி எடுக்கிறது. வேலை முடிந்ததா என்று பார்க்க எளிய சோதனை போதும்: வெள்ளைத் தட்டில் ஒரு துளி கூழ்நீர், அதன்மேல் ஒரு துளி அயோடின். கருநீலம் ஆனால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது. பார்லியின் பலம் போதாதபோது ஆலையில் தயாரித்த நொதியையும் இன்று பலர் சேர்த்துக்கொள்கிறார்கள்.

தண்ணீரில் கென்டக்கிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. சுண்ணாம்புப் பாறை வழியே ஊறிவரும் அங்குள்ள நீரில் கால்சியம் அதிகம், இரும்பு மிகக் குறைவு. இரும்பு கலந்தால் விஸ்கி கறுத்து ருசி கெடும். ஆனால் அந்தக் கடினநீரில் அமிலம் போதாது. அதனால் முந்தைய முறை வடித்தபின் கொப்பரையில் மிஞ்சிய புளித்த கழிவுநீரில் ஒரு பங்கைப் புதுக் கூழில் சேர்க்கிறார்கள். பாலில் இடும் உறைமோரைப் போல இது தோன்றினாலும் விஷயம் வேறு: கொதித்த கழிவுநீரில் ஈஸ்ட் எதுவும் உயிரோடு இருக்காது, அமிலமும் ஊட்டச்சத்தும் மட்டுமே போய்ச் சேர்கின்றன. அந்த அமிலம் கெட்ட பாக்டீரியாவைத் தள்ளிவைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வர உதவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்காட்லாந்திலிருந்து வந்து கென்டக்கியில் வேலைசெய்த ஜேம்ஸ் குரோ, வெப்பமானியும் ஹைட்ரோமீட்டரும் வைத்து இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர். கைப்பக்குவமாக இருந்ததை அளவுக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

கூழ் 30 டிகிரி அளவுக்கு ஆறியதும் ஈஸ்ட் தூவப்படுகிறது. மூன்று முதல் ஐந்து நாளில் ஊறல் நுரைத்து, தானியச் சக்கை மேலே மிதந்து, பிறகு அடங்கும். நொதித்தல் தானே சூட்டைக் கிளப்பும். 35 டிகிரியைக் கடந்தால் ஈஸ்ட் திணறி வேண்டாத வாடைகளைக் கக்கும். முடிவில் ஆல்கஹால் 8 முதல் 10 சதவீதம் இருக்கும். 25 கிலோ மக்காச்சோளத்திலிருந்து, வீணாகாமல் இருந்தால், தூய ஆல்கஹால் கணக்கில் 9 லிட்டரைச் சற்றுத் தாண்டிக் கிடைக்கும்.

வீட்டில் செய்ய விரும்பும் அமெரிக்கருக்குச் சட்டத்தின் கோடு இந்த இடத்தில்தான் விழுகிறது. ஊறல் வரை அது ஒருவகை பீர். சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் தயாரிக்க 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. அதே ஊறலை உரிமமின்றி அடுப்பில் ஏற்றி வடிப்பது கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். 2024 ஜூலையில் டெக்சஸ் மாநிலத்தின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதன் பலன் வழக்குத் தொடுத்த சங்கத்தின் உறுப்பினர்களோடு நின்றது. நியூசிலாந்து 1996லேயே சொந்த உபயோகத்துக்கு வடிக்க அனுமதித்துவிட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அதற்கு இடமே இல்லை. ஊறல் போட்டு வைத்திருப்பதே குற்றம்.

கென்டக்கி ஆலைகளில் ஊறல் வடிகட்டப்படாமல், சக்கையோடு சேர்ந்தே உயரமான செம்பு அல்லது எஃகுத் தூணுக்குள் மேலிருந்து இறங்குகிறது. கீழிருந்து ஏறும் நீராவி துளைத்தட்டுகள் வழியே அதைச் சந்தித்து ஆல்கஹாலைக் கவர்ந்து மேலே செல்கிறது. சக்கை அடியில் விழுந்து கால்நடைத் தீவனமாகிறது. இரண்டாவது கொப்பரையில் மீண்டும் காய்ச்சும்போது வீரியம் 65 முதல் 70 சதவீதத்தை எட்டும். சிறு கொப்பரையில் இந்தச் சௌகரியம் கிடையாது. நேரடித் தீயில் சக்கை அடியில் படிந்து கருகினால் அந்தத் தீய்ந்த வாடை கடைசிவரை போகாது. எனவே முதலில் பிழிந்து வடிகட்ட வேண்டும், அல்லது நீராவியால் சூடேற்ற வேண்டும். செம்பு இங்கே அலங்காரமல்ல: நொதித்தலில் உண்டாகும் கந்தகச் சேர்மங்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. முதலில் வருவது பசை, வார்னிஷ் போல நெடியடிக்கும் பகுதி. இறுதியில் வருவது கனத்த எண்ணெய்ப் பிசுக்கும் ஈரநாய் வாடையும் கொண்ட பகுதி. நடுப்பகுதிதான் பீப்பாய்க்கு. எங்கே வெட்டுவது என்பதைக் கருவிகளைவிட மூக்கும் நாக்கும்தான் தீர்மானிக்கின்றன. 80 சதவீத உச்சவரம்பின் காரணமும் சுவைதான். அதற்குமேல் தூய்மைப்படுத்தினால் தானியத்தின் குணம் தேய்ந்து வோட்காவின் பக்கம் போய்விடும்.

முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் நஞ்சான மெத்தனால் நீங்கிவிடும் என்று பரவலாக நம்பப்படுகிறது. இது பாதிதான் சரி. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதித்தாலும், நீரும் எத்தனாலும் கலந்த திரவத்தில் அது முதல் துளிகளோடு முழுதாக வெளியேறுவதில்லை; நெடுக வந்துகொண்டே இருக்கும். அதே சமயம் மெத்தனால் பெரும்பாலும் பழத்தோலிலுள்ள பெக்டினிலிருந்து உண்டாவது. பெக்டின் குறைவான தானிய ஊறலில் அது சொற்பம். 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்தது வேறு: அங்கே விற்கப்பட்டது தொழிற்சாலை மெத்தனால் கலந்த சரக்கு. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கிறது. வாசனையை வைத்தோ சுவையை வைத்தோ குடிப்பவரால் அதை இனம்காண முடியாது. தானியத்தை நேர்மையாக வடிப்பவருக்குப் பெரிய ஆபத்து தீ. மூட்டு கசிந்து ஆல்கஹால் ஆவி அறையில் பரவினால் ஒரு பொறி போதும். ஈயப் பற்றாசு வைத்த குழாய்களும், குளிர்விக்கப் பழைய கார் ரேடியேட்டரைப் பயன்படுத்தும் பழக்கமும் அமெரிக்கக் கள்ளச்சாராயத்தில் பலருக்கு ஈய நஞ்சேற்றியிருக்கின்றன.

கொப்பரையிலிருந்து வருவது தண்ணீர்போல் நிறமற்றது. போர்பனின் செந்தவிட்டு நிறம் முழுவதும், சுவையில் பெரும்பங்கும் மரம் தருவது. சுமார் 200 லிட்டர் கொள்ளும் வெள்ளை ஓக் பீப்பாயின் உள்ளே ஒரு நிமிடத்துக்குக் குறைவாகத் தீ மூட்டினால் மேலே கரிப்படலம், அதன் கீழே மரச்சர்க்கரை உருகிச் சிவந்த அடுக்கு உண்டாகும். கரி கந்தக வாடையை உறிஞ்சும். சிவந்த அடுக்கு கேரமல் இனிப்பைக் கொடுக்கும். மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் பிறக்கும். கோடையில் திரவம் விரிந்து மரத்துக்குள் புகும், குளிர்காலத்தில் சுருங்கி வெளியேறும். பல அடுக்குக் கிடங்குகளில் ஆண்டுக்குச் சில சதவீதம் ஆவியாகவும் போகும். கிடங்கின் வெப்பமான மேல்தளங்களில் நீர் முந்திக்கொண்டு ஆவியாவதால் வீரியம் ஏறுகிறது. ஈரமும் குளிரும் நிறைந்த ஸ்காட்லாந்தில் இது தலைகீழ்.

வீட்டளவில் இதை நகலெடுப்பதுதான் மிகக் கடினம். 5 லிட்டர் பீப்பாயில் ஒரு லிட்டருக்கு உரசும் மரப்பரப்பு பெரிய பீப்பாயைவிட மூன்று மடங்குக்கும் மேல். சில மாதங்களிலேயே நிறம் ஏறிவிடும், கூடவே துவர்ப்பும் ஏறும். காற்றோடு மெல்லக் கலந்து நடக்கும் முதிர்ச்சிக்கு மட்டும் குறுக்குவழி இல்லை. கண்ணாடி ஜாடியில் கருக்கிய ஓக் துண்டுகளைப் போட்டு வைப்பதும் ஒரு வழி. குடிக்கத்தக்க விஸ்கி கிடைக்கலாம்; சட்டம் கேட்கும் ஓக் கலம் இல்லாததால் அது போர்பன் ஆகாது.

‘ஸ்ட்ரெய்ட்’ என்ற அடைமொழிக்கு இரண்டாண்டுக் காலம் பீப்பாயில் இருந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் வெற்றுச் சாராயத்துக்கு நிறமேற்றிப் பழைய விஸ்கி என்று விற்ற வியாபாரிகளால்தான் 1897இல் தனிச் சட்டமே வந்தது: ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசு கண்காணிப்பிலுள்ள கிடங்கில் நான்காண்டு வைத்து, 50 சதவீத வீரியத்தில் அடைத்த சரக்குக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தது. ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மீண்டும் போர்பனுக்கு உதவாது. அவை பெருமளவில் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. பெங்களூரின் அம்ருத் வடிசாலையும் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை அவற்றில் ஊறவைக்கிறது.