குதிரையேற்ற உடையும் உள்ளூர்த் தையல்காரரும்

ஆடி பிறந்துவிட்டால் மேட்டூர், எடப்பாடி, பவானிப் பகுதி மக்களின் பேச்சில் அந்தியூர் வந்துவிடும். குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டி அங்கு கூடும் கால்நடைச் சந்தைக்குக் குதிரைகளைப் பார்ப்பதற்கென்றே வருவோர் பலர். திப்பு சுல்தானின் படைக்கு இந்தச் சந்தையில்தான் குதிரைகள் வாங்கப்பட்டன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளின் மீது லுங்கியை மடித்துக் கட்டி வெறுங்காலுடன் அமர்ந்திருக்கும் இளைஞர்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். குதிரையேறுவதற்கென்று தனியாக ஓர் உடை உண்டு என்பது அறுபது வயதைக் கடந்த பிறகே எனக்கு உறைத்தது.

கோவையில் படிக்கும் என் தங்கையின் பேத்தி இரண்டு ஆண்டுகளாக ஒரு பயிற்சிப் பள்ளியில் குதிரையேற்றம் கற்கிறாள். விடுமுறைக்கு மேட்டூர் வந்தவள் தனது முதல் போட்டிக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலையும் கொண்டுவந்தாள். தலைக்கவசம், கருநீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டை, பிரீச்சஸ் எனப்படும் கால்சட்டை, முழங்கால் வரை உயர்ந்த தோல் காலணி, கையுறை. இறக்குமதிக் கடையின் விலைகளைக் கூட்டிப் பார்த்த அவள் தந்தை, ஓராண்டுப் பயிற்சிக் கட்டணத்தை நெருங்குகிறதே என்று மலைத்துப்போனார்.

குதிரையே வைத்திருப்பவருக்குக் கோட்டு ஒரு செலவா என்று வாசகர் கேட்கக்கூடும். இன்று குதிரையேற்றம் பயிலும் பிள்ளைகளில் பலருக்குச் சொந்தக் குதிரை கிடையாது; பயிற்சிப் பள்ளியின் குதிரையில் வகுப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்திப் பழகுகிறார்கள். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸ்ஸேஜ் எனப்படும் ஒழுங்குநடைப் பிரிவில் இந்திய அணி தங்கம் வென்றது. 1982 தில்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம் அது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்க்கும் வேளையில், பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள்கூடப் போட்டியின் வாசலில் உடைக்காகத் தயங்கி நிற்கிறார்கள்.

ஆகவே விதிகள் உண்மையில் என்ன கேட்கின்றன என்று பார்த்தேன். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகளில் எந்த நிறுவனத்தின் உடை, என்ன விலை என்ற பேச்சே இல்லை. தடைதாண்டும் போட்டிக்கு வெள்ளை அல்லது வெளிர் பழுப்பு நிறக் கால்சட்டை, கோட்டு, கழுத்துப்பட்டையுடன் கூடிய சட்டை, பாதுகாப்பான தலைக்கவசம், காலணி ஆகியவை வேண்டும். கடும் வெயிலில் கோட்டு இல்லாமலே சவாரி செய்ய நடுவர் குழு அனுமதிக்கலாம் என்றும் இருக்கிறது. நம் ஊருக்கு இது முக்கியம். நெடுந்தொலைவுச் சவாரியில் கோட்டுக்கே வேலையில்லை, காலர் வைத்த சட்டை போதும். உள்ளூர்ப் போட்டிகள் பெரும்பாலும் இதைவிடத் தளர்வானவை. எனவே எதையும் வாங்குமுன் அந்தப் போட்டியின் அறிவிப்பை முழுமையாகப் படித்துவிடுவதே முதல் சிக்கனம்.

சிக்கனம் செய்யக்கூடாத பொருள் ஒன்று உண்டு, அது தலைக்கவசம். அமெரிக்காவின் கோர்ட்னி கிங்-டை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பங்கேற்ற வீராங்கனை. 2010 மார்ச்சில் பயிற்சியின்போது அவருடைய குதிரை இடறி விழுந்தது. அன்று அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. பல வாரங்கள் நினைவிழந்து கிடந்து, பேச்சையும் நடையையும் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று. ஒழுங்குநடைப் போட்டியின் பெருமிதச் சின்னமாக இருந்த உயர்ந்த பட்டுத்தொப்பிக்குப் பன்னாட்டுப் போட்டிகளில் 2021 முதல் இடமில்லாமல் போனது, தலைக்கவசம் கட்டாயமாயிற்று. மோட்டார் சைக்கிள் கவசம் இதற்கு மாற்றாகாது. அது கனமானது, வேறு வகை மோதலுக்காகச் செய்யப்பட்டது. ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 போன்ற குதிரையேற்றத் தரக் குறியீடு உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துப் புதிதாகவே வாங்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் உள்ளிருக்கும் நுரைத் தகடு நசுங்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. வெளியே கீறல்கூடத் தெரியாது. பழையதை வாங்குபவருக்கு அதன் கதை தெரியப்போவதில்லை. எங்கள் செலவில் பெரும்பகுதி இதற்கே போனது, அதில் வருத்தமில்லை.

மற்றதை மேட்டூரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்தோம். ஈரோடும் திருப்பூரும் பக்கத்தில் இருக்கும்போது கால்சட்டைக்கு எதற்காகக் கடல் கடந்து போக வேண்டும்? உண்மையில் அந்தக் கால்சட்டை இங்கிருந்து கடல் கடந்து போனதுதான். 1897-இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்குத் தன் போலோ அணியுடன் லண்டன் சென்றார் ஜோத்பூர் அரச குடும்பத்தின் சர் பிரதாப் சிங். தொடையில் அகன்று கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அவருடைய கால்சட்டை ஆங்கிலேயரைக் கவர்ந்தது. ‘ஜோத்பூர்’ என்ற ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில் அந்த உடையின் பெயராயிற்று. தொடைப் பகுதி அகன்றிருந்ததற்குக் காரணம் எளியது: அன்றைய துணி இழுபடாது. இழுபடும் துணி வந்த பிறகு அந்த அகலம் மறைந்துபோனது.

திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிச்சமான கனத்த காட்டன்-லைக்ரா துணியை எடைபோட்டு வாங்கினோம். வெள்ளையை விட்டு வெளிர் பழுப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மெல்லிய வெள்ளைத் துணி வியர்வையில் ஊடுருவித் தெரியும். எங்கள் தையல்காரர் நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். ஆனாலும் அவர் தைத்த முதல் கால்சட்டை தோற்றுப்போனது. வழக்கம்போல் காலின் உட்புறம் தடித்த தையல் வைத்திருந்தார். ஒரு மணி நேரச் சவாரியில் அந்தத் தையல் சேணத்துக்கும் தோலுக்கும் நடுவே உரசி, குழந்தையின் முழங்காலை ரணமாக்கிவிட்டது. அவள் கோவையிலிருந்து அனுப்பிய படத்தைக் காட்டியபோது மனிதர் நெடுநேரம் பேசவில்லை. “நிக்கிறவங்களுக்கு வெட்டித்தான் சார் பழக்கம். இது உக்கார்றவங்களுக்கு வெட்ட வேண்டியது” என்றார் பிறகு.

அடுத்த முறை அவள் வந்தபோது வாசலில் நின்ற மொபெட்டின் மீது காலகட்டி உட்காரவைத்து அளவெடுத்தார். இடுப்பின் பின்புறம் உயர்ந்தது. முழங்காலின் உட்புறத் தையல் வெளிப்பக்கமாக நகர்ந்தது. இருக்கும் தையல்களும் தட்டையாகப் படிந்தன. முழங்காலின் உட்புறத்தில் வழுக்காதிருக்க, பை தைப்பவரிடம் வாங்கிய மெல்லிய சொரசொரப்புத் தோலை வைத்துத் தைத்தார். தோல், துணி, கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

கோட்டு கிடைத்த இடம்தான் வேடிக்கை. நம் வீட்டு அலமாரிகளில் திருமண வரவேற்பு மாலையில் ஒரே ஒருமுறை அணிந்த கோட்டுகள் எத்தனை தூங்குகின்றன! பளபளப்பில்லாத கருநீலக் கோட்டு ஒன்றை உறவினர் மனமுவந்து தந்தார். நீளத்தைக் குறைத்து, இடுப்பைச் சற்றுப் பிடித்து, சேணத்தில் அமரும்போது பின்புறம் விரிவதற்காக நடுவில் ஒரு பிளவு திறந்தோம். கடிவாளத்தைப் பிடிக்கக் கைகள் முன்னே நீள வேண்டும். அதனால் தோள்பட்டையில் மட்டும் தளர்வாக விடச் சொன்னோம். சட்டை அவளுடைய பள்ளிச் சீருடை. வெள்ளைக் கழுத்துப்பட்டைக்கு ஒரு முழம் பருத்தித் துணியும் கொஞ்சம் கஞ்சியும் போதுமானதாக இருந்தது. பயிற்சிக்கான கையுறையை, உள்ளங்கையில் ரப்பர் புள்ளிகள் வைத்துத் தொழிலாளர்கள் அணியும் பின்னல் கையுறைகளிலிருந்தே எடுத்துக்கொண்டோம். இன்றுவரை கடிவாளம் நழுவியதில்லை.

காலணியில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. விளையாட்டுக் காலணி அணிந்தால் பாதம் அங்கவடிக்குள் வழுக்கிச் சிக்கிக்கொள்ளக்கூடும். விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு ஓடும் விபத்து அப்படித்தான் நேர்கிறது. நெடுந்தொலைவுச் சவாரிக்கே கூண்டு வைத்த அங்கவடி இல்லையென்றால் குறைந்தது 12 மில்லிமீட்டர் குதிகால் வேண்டும் என்கிறது விதி. முழங்கால் உயரக் காலணி, வளரும் பிள்ளைக்கு ஓராண்டு வந்தால் அதிகம். ஆகவே குதிகால் உள்ள, அடிப்பாகம் வழுவழுப்பான கணுக்கால் காலணியும், அதற்கு மேல் கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டும் தோலுறையும் வாங்கினோம். கான்பூரில் தயாராகும் சேணங்களும் தோல் பொருள்களும் உலகெங்கும் போகின்றன. நம் ஆம்பூர், இராணிப்பேட்டைக் காலணிகளும் அப்படியே. உள்நாட்டுத் தயாரிப்பைத் தேடுவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

இத்தனைக்கும் பிறகு என்னை உறுத்துவது வேறு. எல்லாப் பெற்றோருக்கும் இவ்வளவு அலையப் பொழுதிருக்குமா? என்.சி.சி.யின் குதிரைப் பிரிவில் சேரும் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களும், சென்னை மாநகரக் குதிரைப்படைக் காவலர்களும் உடையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை; சீருடை வழங்கப்படுகிறது, ஏழை வீட்டுப் பிள்ளையும் குதிரையேறுகிறார். தனியார் பயிற்சிப் பள்ளிகள் பத்துக் கோட்டுகளையும் வெவ்வேறு அளவுக் காலணிகளையும் ஓர் அலமாரியில் வைத்திருந்து போட்டி நாளில் இரவல் கொடுத்தால் என்ன? பிள்ளைகள் வளர்ந்து விட்டுச்செல்பவற்றைக் கேட்டு வாங்கினாலே அலமாரி நிரம்பிவிடும். போட்டி நடத்துபவர்களும் “சுத்தமான, அளவான உடை போதும், தைத்தது, இரவல் எதுவாயினும் ஏற்கப்படும்” என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்க்கலாம். அந்த ஒரு வரி இல்லாததால்தான் கடைக்காரரின் பட்டியலே விதி என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள்.

போட்டியில் பேத்திக்குப் பரிசு ஏதும் கிடைக்கவில்லை. இரண்டு தடைகளைத் தட்டிவிட்டாள். கால்சட்டை எங்கே வாங்கியது என்று மூன்று பெற்றோர்கள் விசாரித்தார்களாம். தையல்காரர் அந்த அளவுகளைப் பழுப்புக் காகிதத்தில் வெட்டி, தன் இயந்திரத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.